சலவையக்காவும் இருபத்தெட்டு நீல வலைகளும்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்த ஒரு காலையில் சலவையக்காவை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட, அவர் என்னைப் பிடித்தார் என்பதே பொருந்தும். பேறுகால வார்டின் பொறுப்புச் செவிலியாக அந்த ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்து அன்று மூன்றாவது நாள். நடைபாதையில் எதிரே வந்த குட்டையான பெண்மணி ஒருவர், வணக்கம் சொல்வதற்கு முன்பே என் சட்டைப்பையைச் சுட்டிக்காட்டினார்.

"பேனாவை மூடி வைக்கிற பழக்கம் இல்லையா சிஸ்டர்?"

குனிந்து பார்த்தேன். பையின் அடியில் மிகச் சிறியதொரு மசிக்கறை இருந்தது.

"நேத்துக் கடுகளவு இருந்துச்சு. இன்னைக்கு மிளகளவு ஆயிருக்கு. நாளைக்கு வந்து கேட்டீங்கன்னா நான் கைய விரிச்சிடுவேன். சாயங்காலம் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலையில் அந்தச் சட்டை, தைத்த தையல்காரருக்கே அடையாளம் தெரியாத வெண்மையோடு என் மேசையில் இருந்தது. மசிக்கறை போயிருந்தது. பையின் ஓரத்தில் இருந்த மெல்லிய நீலக் கரையும் அதனோடு போயிருந்தது. அது கறையன்று, வேலைப்பாடு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையற்கூடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே அவருடைய சலவைக்கூடம் இருந்தது. ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரக்கூடிய இரண்டு அண்டாக்கள், ஊற வைக்கவும் அலசவும் நீலம் போடவுமாக மூன்று சிமெண்டுத் தொட்டிகள், கொதிக்கும் துணியைக் கிண்டுவதற்குத் துடுப்புப் போன்ற ஒரு மரக்கட்டை. வெளியே, நிழலே விழாத முற்றத்தில் ஆறு கம்பிகள். உதவிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் துவைத்ததையெல்லாம் அக்கா மறுபடியும் துவைப்பார் ஆகையால், அவர்களுக்கு வேலை குறைவாகவும் வருத்தம் அதிகமாகவும் இருந்தது.

வேலை நேரத்தோடு அவருடைய சலவை முடிந்துவிடுவதில்லை. திங்கட்கிழமைதோறும் துணி காயும் கம்பிகளைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். துணிக்குக் குத்தும் கவ்விகளை ஒரு வாளியில் ஊற வைப்பார். சோப்புக்கட்டியைக் கழுவித்தான் பெட்டியில் திரும்ப வைப்பார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த அவருடைய இரண்டறை வீட்டில் துடைப்பத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே தனியாக இன்னொரு துடைப்பம் இருந்தது. அந்த வீட்டில் நான் தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவர் எதிரே நின்று என் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கடைசி வாயைக் குடிச்சிடுங்க சிஸ்டர்" என்பாள் உள்ளேயிருந்து அவருடைய தங்கை. "அக்காவுக்குக் கை ஊறுது."

"வாயை மூடுடி."

"மூடிடுவேன். அப்புறம் அதையும் திறந்து கழுவுவே."

தங்கை தையல் வேலை செய்பவள். முன்னறையில் ஜன்னலோரமாக அவளுடைய தையல் இயந்திரம் இருந்தது. அவள் கணவர் சரக்குக் கப்பலொன்றில் சமையல்காரர். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். வந்த அன்று மூட்டையோடு வாசலிலேயே நிறுத்தப்படுவார். அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. தம்மைவிடப் பதினொரு வயது இளையவளான தங்கையைத் தாமே வளர்த்தவர் அவர். எப்படி வளர்த்தார் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஊற வச்சுத்தான்" என்று தங்கை பதில் சொன்னாள்.

அந்த வீட்டில் கேலிக்கு அப்பாற்பட்ட செய்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் அங்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு தங்கை கருவுற்றாள். ஐந்தாம் மாதத்தில் மலேரியா வந்தது. காய்ச்சல் இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கும் கொசுவுக்கும் தனிப்பட்ட பகை. கொசு அழுக்கிலிருந்து வருகிறது, எனவே அழுக்கு போனால் கொசு போகும் என்பது அவருடைய முடிவு. அதை அவர் யாரிடமும் சரிபார்க்கவில்லை. சரிபார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்பது போல அவ்வளவு தெளிவாக அது அவருக்குத் தெரிந்தது.

மறு ஆண்டின் தொடக்கத்தில் சுகாதாரத் துறையிலிருந்து எங்கள் வார்டுக்கு இருபத்தெட்டுக் கொசுவலைகள் வந்து சேர்ந்தன. கட்டிலுக்கு ஒன்று. எல்லாம் நல்ல நீல நிறம். பிரித்தவுடன் மருந்துக்கடையின் பின்அறை போன்ற ஒரு வாசனை எழுந்தது. வாயிற்காவலர் அறைக்கும் ஒன்று வந்தது.

அக்கா ஒரு வலையை மூக்கருகே கொண்டுபோய், உடனே விலக்கினார்.

"என்ன நாத்தம் இது. இதுக்குள்ளயா பச்சை உடம்புக்காரி படுக்கணும்?"

"புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

"ரெண்டு அவியல்ல போயிடும்" என்றார் அவர். அவர் சொன்னபடியே போயிற்று.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. ஒருத்தி குழந்தையோடு வீட்டுக்குப் போனால், அவள் கட்டிலைத் தொட்ட துணி அத்தனையும் சலவைக்கூடத்துக்குப் போய், கொதிநீர் கண்டு, வெயில் கண்டுதான் திரும்ப வேண்டும். அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் கட்டிலைத் தொடும் துணி என்றால் விரிப்பும் உறையும்தான். இப்போது வலையும் தொட்டது. எனவே வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வலையும் அண்டாவுக்குள் இறங்கியது. சலவைச் சோடா, வெளுக்கும் தூள், மரக்கட்டை, அலசல், பிறகு நிழலே விழாத முற்றம். சனிக்கிழமைதோறும் அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டவள் நான்.

வலையின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய துணி லேபிள் தைத்திருந்தது. மடிப்பில் அழுக்குத் தங்கும் என்று சொல்லி, அக்கா ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து இருபத்தெட்டையும் பிளேடால் பிரித்தெடுத்தார். அவற்றுக்குப் பதிலாக, கட்டில் எண்ணைச் சிவப்பு நூலில் போட்ட வெள்ளை நாடாக்களைத் தங்கை தைத்துக் கொடுத்தாள். பிரித்த லேபிள்களை அக்கா எறியவில்லை. அவர் எதையுமே எறிவதில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தார்.

முதல் மாதத்தில் வலைகள் வானத்தின் நிறத்துக்கு வந்தன. மூன்றாம் மாதத்தில் நீர் கலந்த பாலின் நிறம். ஆறாம் மாதத்தில் எங்கள் வார்டைப் பார்க்க வந்த கண்காணிப்பாளர் வாசலிலேயே நின்று, "பனி பெய்த மாதிரி இருக்கிறதே" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, அவருடைய சட்டைக் காலரைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

காவல்காரர் மட்டும் பணியவில்லை. வாயிலருகே தகரக்கூரை போட்ட அறையில் இருந்தவர் அவர். இரவெல்லாம் மதிலைச் சுற்றி வந்துவிட்டு, பகலில் ஈ மொய்க்காமல் தூங்குவதற்கு வலையைக் கட்டிக்கொள்வார். அக்கா வாரந்தோறும் போய்க் கேட்பார்.

"வலையைக் கழட்டிக் குடுங்க காவல்காரரே."

"எதுக்கு?"

"துவைக்க."

"போன தடவை போர்வையைக் குடுத்தேன். கைக்குட்டையாத் திரும்பி வந்துச்சு. எனக்கு வலை பெருசாவே இருக்கட்டும்."

வலைகள் வந்த பின் கழிந்த ஒன்பது மாதத்தில் அவர் தம் வலையை ஒரே ஒரு முறை, வாளியிலிருந்த மழைத் தண்ணீரில் அமுக்கியெடுத்து, முற்றம் வரை நடக்கச் சோம்பல்பட்டு அறைக்குள்ளேயே கட்டிக் காயவிட்டார். அக்கா அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்.

இதற்கிடையில் தங்கை மறுபடியும் கருவுற்றாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையின்போது ஒரு வலை கொடுப்பது வழக்கம். மூன்றாம் மாதத்தில் நானே அவள் கையில் கொடுத்தேன். அதை அவள் மடியிலிருந்து அக்கா வாங்கிக்கொண்ட வேகம் எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. வார்டு வலைகளுக்கு வாரம் இரண்டு முறை என்றால், தங்கையின் வலைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. வார்டுக்கு ஒரு கொதி. அவளுக்கு இரண்டு கொதி. அன்பை அளப்பதற்கு அவரிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

"அக்கா, நான் வலைக்குள்ளதான் இருக்கேனான்னே தெரியல. அவ்வளவு சுத்தமாயிடுச்சு" என்பாள் தங்கை.

"கொசு கடிக்குதா?"

"முழங்கை வலையில பட்டா கடிக்குது."

"அப்போ இன்னும் அழுக்கு இருக்கு" என்று சொல்லி, அன்றே மறுபடியும் அண்டாவில் போடுவார்.

மழை திரும்ப வந்தது. ஒரே மாதத்தில், எங்கள் வார்டில் அதிக நாள் தங்க நேர்ந்த இரண்டு தாய்மாருக்கு மலேரியா கண்டது. இருவரும் மாத்திரையில் குணமானார்கள். ஆனால் பனி பெய்த மாதிரி இருந்த வார்டுக்குள் மலேரியா எப்படி வந்தது என்று கண்காணிப்பாளர் கேட்டார். பூச்சி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த, மெல்லப் பேசும் மனிதர். மெல்லிய வலைத்துணியால் மூடிய கூண்டு ஒன்றில் கொசுக்களைச் சுமந்து வந்ததால், பத்து நிமிடத்துக்குள் அவருக்குக் கொசுக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

வலைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். சுத்தத்துக்கான பரிசோதனை என்று அக்கா எடுத்துக்கொண்டார். ஏழாம் எண் கட்டிலின் வலையை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார்.

"இருக்குறதுலயே இதுதான் நல்லது. மத்ததைப் பார்க்கணும்னு அவசியமில்லை."

கொசுக்காரர் வலையைத் தடவிப் பார்த்தார். "இஸ்திரி போட்டிருக்கா அம்மா?"

"வெளியாளுங்க முன்னாடி கசங்கலோடவா வந்து நிப்போம்?"

அவர் தம் பெட்டியிலிருந்து கைக்குட்டை அளவுள்ள புதுவலைத் துண்டு ஒன்றை எடுத்தார். பிறகு, அதே நாளில் கொடுக்கப்பட்டு, ஆனால் சலவைக்கூடத்துக்கே வராத வலை ஏதேனும் உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றுதான் இருந்தது. பகல் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட காவல்காரர், தம் வலையைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு வந்தார். அக்கா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"அதை எங்க வைக்கப் போறீங்க? என் வலைக்குப் பக்கத்துலயா?"

"ஒட்டாதும்மா" என்றார் கொசுக்காரர்.

அவர் ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கூண்டிலிருந்து கொசுக்களை எடுத்தார். அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"வாயிலயா எடுக்குறீங்க?"

"நடுவுல வடிகட்டி இருக்கும்மா."

"வடிகட்டியை யாரு கழுவுறா?"

கொசுக்காரர் வேலையைத் தொடர்ந்தார். மூன்று வலைகளின் மேலும் பிளாஸ்டிக் புனல் போன்ற மூன்று குமிழ்களைக் கவிழ்த்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்து கொசுக்களை விட்டார். மூன்று நிமிடம் அவை வலையின்மேல் இருந்தன. பிறகு அவற்றை மூன்று காகிதக் குவளைகளுக்கு மாற்றி, வாயை வலைத்துணியால் மூடி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். அக்கா அந்த ஒரு மணி நேரத்தில் மேசையைத் துடைத்தார், நாற்காலிகளைத் துடைத்தார், குவளைகளைத் துடைக்கக் கை நீட்டியபோது கொசுக்காரர் மெதுவாக அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நேரம் முடிந்தது. புதுவலைக் குவளையில் ஐந்தும் மல்லாந்து கிடந்தன. காவல்காரரின் குவளையில் நான்கு மல்லாந்திருந்தன. ஐந்தாவது எழுவதும் சாய்வதுமாக, வீட்டுக்கு வழி மறந்துவிட்ட குடிகாரனைப் போலிருந்தது. அக்காவின் குவளையில் ஐந்தும் சுவரில் நடந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று முன்னங்கால்களால் முகத்தைத் தேய்த்துக்கொண்டது.

"பாருங்க" என்றார் அக்கா. "நல்ல எடத்துல கொஞ்ச நேரம் இருந்தா பூச்சிக்குக்கூட முகம் கழுவத் தோணுது."

கொசுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மா, இதுல கொசு சாகணும்."

"வலைன்னா கொசு உள்ள வராம இருந்தாப் போதாதா?"

"இது சாதா வலை இல்லம்மா. நூலுக்குள்ளயே மருந்து இருக்கு. கொசு வந்து உக்காந்தா விழுந்துடும். மேல இருக்குற மருந்து துவைக்கும்போது கொஞ்சம் போகும். சில நாள்ல உள்ள இருந்து மறுபடி மேல வரும். பச்சைத் தண்ணி, சாதா சோப்பு, மெதுவா அலசல், நிழல்ல காய வைக்கிறது, இப்படிப் பார்த்துக்கிட்டா இருபது தடவை வரைக்கும் தாங்கும். நீங்க எத்தனை தடவை துவைச்சிருப்பீங்க?"

அக்கா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பும் மனிதர் கேட்கிறார் என்ற பெருமிதம் அப்போதும் முகத்தில் மீதமிருந்தது. "எழுபது இருக்கும். எல்லாம் கொதிதான். சோடா, பிளீச்சிங் எல்லாம் சேர்த்து. வெயில் ரெண்டு நாள்."

"அப்போ முதல் மாசத்துலயே மருந்து போயிருக்கும்மா. இப்ப இது வெறும் துணி. உடம்பு படுற எடத்துல வெளியிலிருந்தே கடிக்கும். சின்ன ஓட்டை இருந்தாலும் நுழைஞ்சிடும். லேபிள்ல படம் போட்டு எழுதியிருக்குமே."

அக்கா போய்ப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு லேபிள்களும் சீட்டுக்கட்டைப் போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. கொசுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை. அவ்வளவு நன்றாகத் துவைத்திருந்தார். கடைசி லேபிளில் மட்டும் ஒரு சூரியனின் பாதியும், அதன் குறுக்கே ஒரு கோடும் மங்கலாகத் தெரிந்தன.

எழுத்துகள் இருந்த காலத்தில் அந்த லேபிள் என் வார்டுக்குத்தான் முதலில் வந்தது. நானும் அதைப் படிக்கவில்லை. அதை அப்போதே அங்கேயே சொன்னேன். ஆனால் அக்காவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் வேறொரு கணக்கில் இருந்தார்.

"வீட்ல இருக்குற வலைக்கும் இதே கணக்குத்தானா?" என்று கேட்டார்.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். அக்கா எழுந்து வெளியே போனார். அவருடைய அண்டா கொதித்துப் பொங்கித் தரையெல்லாம் நுரையாக வழிந்தபோது, அவர் இல்லாமல் உதவிப் பெண்களே நெருப்பை அணைத்தார்கள். முன்னெப்போதும் அப்படி நடந்ததில்லை.

நான் இரத்தப் பரிசோதனைக்கான ஊசியோடு அந்த வீட்டுக்குப் போனபோது, அக்கா தங்கையின் நெற்றியில் புறங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். தையல் இயந்திரத்தில் பாதித் தைத்த சட்டை கிடந்தது.

"சிஸ்டர், நீங்களாவது கேளுங்க" என்றாள் தங்கை. "வந்ததுலேர்ந்து கையை எடுக்கல. எனக்குச் சூடு இல்ல. இவ கைதான் ஜில்லுன்னு இருக்கு."

விரலில் குத்தி ஒரு துளி எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அக்கா ஆய்வுக்கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணெதிரே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் மூடவில்லை. கிருமி இல்லை என்று நான் வந்து சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து குழாயை மூடினார்.

"இன்னைக்கு இல்ல" என்றார். "நாளைக்கு?"

அதுதான் கேள்வி. மழை முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. கிடங்கில் ஒரு புதிய வலைகூட இல்லை. அடுத்த சரக்கு வர பத்து வாரமாகும் என்றார்கள். கொசுக்காரரிடம் இருந்ததோ கைக்குட்டை அளவுத் துண்டு. கடைகளில் விற்றதெல்லாம் மருந்தில்லாத வலை. மருந்துள்ள முழு வலை எங்களுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் பிற்பகல் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு வாயிலுக்குப் போனார். காவல்காரர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அந்த வலை, நான்கு மூலையிலும் நான்கு விதமான கயிற்றில் தொங்கியது. ஒரு மூலையில் தேநீர்க் கறை; இன்னொன்றில் மிதிவண்டி எண்ணெய்.

"அண்ணே" என்றார் அக்கா.

காவல்காரரின் கை செருப்பிலேயே நின்றது. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அண்ணேன்னு கூப்பிடுறீங்க. வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒண்ணும் ஆகக் கூடாது. அதான் வந்தேன்."

"வலையா?"

அக்கா தலையசைத்தார். வலையை நேராகப் பார்க்காமல் பேசினார். "உங்களுக்கு வேற தரேன். ஏழாம் நம்பர் வலை. அதுல மருந்து இல்ல. ஆனா..." முந்தானையால் கதவின் தாழ்ப்பாளைத் துடைத்தார். "ஆனா வெள்ளையா இருக்கும்."

காவல்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "எனக்கு எதுக்கு? ராத்திரி முழுக்க முழுக்கைச் சட்டையும் மருந்துத் தைலமுமாச் சுத்துறேன். பகல்ல தூங்குறப்போ வர்றது ஈதான். ஈக்கு வெள்ளை வலை போதும்." எழுந்து ஒரு கயிற்றை அவிழ்த்தவர், நிறுத்தினார். "ஆனா ஒரு நிபந்தனை."

"தெரியும்."

"தெரிஞ்சாப் போதாது. வாயால சொல்லணும். சிஸ்டர் சாட்சி."

அக்கா வலையின் எண்ணெய்க் கறையை ஒருமுறை பார்த்தார். "ஒரே ஒரு தடவை" என்றார் கடைசியில். "பச்சைத் தண்ணியில. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கலாம்."

"பிள்ளை பொறக்கற வரைக்கும் ஒரு தடவைகூடக் கிடையாது."

"அந்த எண்ணெயை மட்டுமாவது..."

"எண்ணெயும் அங்கயே இருக்கும். அதுக்கும் பிள்ளையைப் பாக்கணும்னு ஆசை."

"சரி" என்றார் அக்கா. "துவைக்க மாட்டேன்." பதிவு அலுவலகத்தில் சத்தியம் செய்பவரைப் போல அதைச் சொன்னார்.

வலையை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டினோம். கிழிசல் இரண்டைத் தங்கை தைத்து அடைத்தாள். பிறகு வந்த இரண்டு மாதங்கள், அக்காவின் வாழ்நாளிலேயே கடினமானவை என்று நான் எண்ணுகிறேன். தங்கையின் கட்டிலுக்கு அருகில் தரையில் படுப்பவர் அவர். இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். மாலையில் வலையை மெத்தைக்கடியில் செருகும்போது கண்களை மூடிக்கொண்டு செருகினார். செருகிய பின் கைகளை மூன்று முறை கழுவினார். வீட்டில் இருந்த சோடாவையும் வெளுக்கும் தூளையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "உங்க அலமாரியில வச்சுப் பூட்டிடுங்க. நான் கேட்டாலும் தராதீங்க" என்றார். ஐந்தாம் நாள் வந்து கேட்டார். தரவில்லை.

"அக்கா, என்கிட்டப் பேசும்போது என் மூஞ்சியைப் பாரு. அந்த டீக்கறையைப் பாக்காதே" என்பாள் தங்கை வலைக்குள்ளிருந்து.

"நான் எங்க பாக்குறேன்?"

"நீ பாத்துப் பாத்தே அது பாதி வெளுத்துடுச்சு."

வாரந்தோறும் விரலில் குத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா அதே படியில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை. மழையின் கடைசி வாரத்தில் தங்கைக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குச் சற்று மேல், உரத்த குரல். அக்கா குழந்தையை வாங்கி, விரல் இடுக்கு, காதின் பின்புறம், கழுத்து மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்.

"என்னக்கா, அழுக்கு இருக்கா?" என்று தங்கை சோர்ந்த குரலில் கேட்டாள்.

"இருக்கு" என்றார் அக்கா. "இருக்கட்டும்." அதைச் சொல்லும்போது அவருக்கு மூக்கு அடைத்திருந்தது.

புதிய வலைகள் வந்து சேர்ந்தபோது, விதியைத் திருத்தி எழுதிக் கண்காணிப்பாளரிடம் கையொப்பம் பெற்றேன். மலமோ இரத்தமோ பட்டாலொழிய, வலைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். அவற்றுக்கென ஒரு தனித் தொட்டி; அடியில் அண்டா இல்லை, நெருப்பு இல்லை. சலவைக்கூடத்தின் தாழ்வாரத்தில், வெயில் எட்டாத இடத்தில் இரண்டு புதிய கம்பிகளை அக்காவே கட்டினார். லேபிளைப் பிரிக்கவில்லை. அதன் பக்கத்தில் தங்கை ஒவ்வொரு வலைக்கும் ஒரு நாடாவைத் தைத்தாள். சிவப்பு நூலில் இப்படி இருந்தது: "பச்சைத் தண்ணீர். நிழல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அக்காவிடம் தனியாகக் கொடுக்கக் கூடாது." கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, இது அரசாங்க ஆஸ்பத்திரி அல்லவா என்று கேட்டார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

காவல்காரருக்கு அவருடைய வலை திரும்பிப் போயிற்று. துவைக்காமல்தான். அதனோடு ஒரு புதிய போர்வையும் போயிற்று. அக்கா அவரை அண்ணே என்று கூப்பிடுவதை அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. வலையைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. மூன்று மாதம் முடியும் நாளன்று காலை ஏழு மணிக்கே வாளியோடு வாயிலில் போய் நிற்பார்.

பதிமூன்று ஆண்டுகளுக்குப் பின், நானும் அக்காவும் பணி ஓய்வு பெற்றிருந்த காலத்தில், அக்காவுக்கு இதயம் தளர்ந்தது. அதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். நான் நாள்தோறும் பிற்பகலில் போய் உட்கார்ந்திருப்பேன். விரிப்பின் முனையை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்து, இப்போது துவைப்பவர்களுக்கு அலசத் தெரியவில்லை என்று ஒரு நாள் சொன்னார். மருத்துவருடைய கோட்டின் பையில் மசிக்கறை என்று இன்னொரு நாள். தங்கையின் மகள் பள்ளியிலிருந்து நேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கழுவி, பெரியம்மாவிடம் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கட்டிலருகே வருவாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையசைப்பார்.

கடைசிப் பிற்பகலில் மூச்சு மிகவும் குறைந்திருந்தது. தங்கை கால்மாட்டில் இருந்தாள், நான் தலைமாட்டில். கட்டிலின்மேல் நீல வலை சுருட்டிக் கட்டியிருந்தது. அதன் மடிப்பில், அவர் கண்ணுக்கு நேரெதிரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேநீர்க் கறை. யார் சிந்தினார்களோ தெரியவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"மாத்தச் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் தலையை இல்லை என்று அசைத்தார். விரலைச் சுழற்றிச் சைகை காட்டினார். என்னவென்று நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"துவைச்சு மூணு மாசம் ஆகியிருக்காது" என்றார். "என்னை அந்தப் பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க."